ராக்கீஸ் அணியை எடுத்து இரண்டு சீசன் நாசம். எங்கே தப்பு? (ஷோ 24, பிரான்சைஸ் மோட்)

#1 அரசலாறு11

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். பழைய பிஎஸ்4-இல் எம்எல்பி தி ஷோ 24 என்ற பேஸ்பால் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷத்து ஆட்டம் பிஎஸ்4-க்கு வராமலே போனதால் இதோடுதான் என் குடித்தனம். பிரான்சைஸ் மோடில், அதாவது ஒரு அணியை வருஷக்கணக்கில் நிர்வகிக்கும் மோடில், கொலராடோ ராக்கீஸை எடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், ஊதா ஜெர்சி பிடித்திருந்தது.

நிஜத்திலேயே 2023-இல் 103 தோல்வி கண்ட அணி. அவர்கள் நூறைத் தாண்டியது அதுதான் முதல் முறை. 1993-இல் ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட டிவிஷனில் முதலிடம் வந்ததில்லை. சரி, நாம் நிமிர்த்துவோம் என்று இறங்கினேன். முதல் சீசன் 102 தோல்வி. இரண்டாவது சீசன் 109.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். ஷார்ட்ஸ்டாப் டோவரைக் கொடுத்து 31 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஒருவரை வாங்கினேன், ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி) அடிப்பார் என்று. சென்டர் ஃபீல்டர் (வெளிப்பரப்பின் நடுவில் நிற்பவர்) டாயிலுக்கு 2023-இல் பேட்டிங் சராசரி .203. இவரை வைத்து என்ன செய்வது என்று அவரையும் தள்ளிவிட்டேன். அந்தப் பணத்தில் ஓவரால் (ஆட்டம் தரும் மொத்த மதிப்பெண்) 80-க்கு மேல் இருந்த இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுகிறவர்கள்), இருவருமே வளைந்து இறங்கும் கர்வ்பால் போடுகிறவர்கள். கிரிஸ் பிரையன்ட்டின் 7 வருஷம், 182 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை மட்டும் யாரும் தொடக்கூட வரவில்லை.

நேற்று ராத்திரி சொந்த மைதானத்தில் ஒரு மேட்ச். ஏழாவது இன்னிங்ஸில் 9-3 முன்னிலை. வாக், வாக், ஒரு சிங்கிள், மறுபடி வாக், பிறகு சுவருக்கு மேலே ஒன்று. 9-8. எட்டாவதிலும் இதே கதை. 13-9 என்று தோற்றேன். கன்ட்ரோலரைக் கட்டில் மேல் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அம்மா யாரோடு சண்டை என்று கேட்டார்.

எங்கே தப்பு செய்கிறேன்?

#2 மன்னை மைந்தன்

மாப்ள, அரைகுறையாகச் செய்ததுதான் தப்பு. இடிப்பதென்றால் கடைக்கால் வரை இடிக்க வேண்டும். 27 வயதுக்கு மேல் ஒரு ஆளும் இருக்கக் கூடாது. எல்லோரையும் விற்று பொடென்ஷியல் ஏ (பிற்காலத்தில் உச்சத்துக்கு வருவான் என்று ஆட்டம் மதிப்பிடுகிற) பையன்களாக வாங்கு, மூன்று வருஷம் கண்ணை மூடிக்கொண்டு சிம் செய், நீ ஆடாமல் கணினியே ஓட்டட்டும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ன செய்தார்கள்? 2011-இல் 106 தோல்வி, 2012-இல் 107, 2013-இல் 111. 2017-இல் கோப்பை. கப்ஸ் 2012-இல் 101 தோற்று 2016-இல் 108 வருஷத்துக்குப் பிறகு ஜெயித்தார்கள். தோற்பதில் வெட்கப்பட்டால் இந்த மோடையே ஆடாதே.

#3 வெண்ணாற்றங்கரை

தம்பி அரசலாறு, ஓவராலை விடுங்கள். மூன்று விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பிட்சர்களின் பிபி/9 (வாக் கொடுக்காத திறன்), எச்ஆர்/9 (ஹோம் ரன் கொடுக்காத திறன்) எவ்வளவு? எண் ஏற ஏற நல்லது. பேட்டர்களின் டிசிப்ளின் (தப்பான பந்தை அடிக்காமல் விடும் திறன்) எவ்வளவு? இப்போது சென்டர் ஃபீல்டில் நிற்பவரின் ஸ்பீடு என்ன?

மன்னைத் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு அணியும் ஜெயித்த கணக்கு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை 20 சீசன் தொடர்ந்து வெற்றியை விடத் தோல்வியே அதிகம். இருபது வருஷமும் அவர்களுக்கும் டிராஃப்ட் (புதுப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) இருந்தது.

#4 ஆடுதுறை36

ஊதா ஜெர்சி பிடித்தது என்று அணி எடுத்தவனுக்கு 109 கம்மி.

#5 அரசலாறு11

வெண்ணாற்றங்கரை அண்ணே, பார்த்தேன். வாங்கிய இரண்டு பிட்சரில் ஒருவருக்கு பிபி/9 48, இன்னொருவருக்கு 52. எச்ஆர்/9 இரண்டு பேருக்கும் 50-ஐச் சுற்றி. ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு பவர் 88, டிசிப்ளின் 39. சென்டர் ஃபீல்டில் நிற்பவர் ஸ்பீடு 51. லெஃப்ட் ஃபீல்டிலிருந்து மாற்றி நிறுத்தினேன்.

எழுதும்போதே புரிகிறது மாதிரி இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.

#6 பந்துபொறுக்கி

நான் புதுசு, கோபப்படாதீர்கள். வாக் என்றால் பேட்டர் சும்மா நின்று நான்கு தப்பான பந்து வாங்கி ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடப்பதுதானே? நம் கிரிக்கெட்டில் வைடுக்கு ஒரு ரன் கொடுக்கிற மாதிரி. அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை? அடிக்கிற ஆள்தானே வேண்டும்?

#7 வெண்ணாற்றங்கரை

நல்ல கேள்வி. அரசலாறும் இங்கேதான் வழுக்கியிருக்கிறார். நானும் பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் விழுந்தவன்.

டி20-யில் நம்மிடம் 120 பந்து, பத்து விக்கெட். பெரும்பாலும் பந்துதான் முதலில் தீரும். அதனால் டாட் பால் பாவம், விக்கெட்டைப் பணயம் வைத்து அடித்தால் தப்பில்லை. பேஸ்பாலில் பந்துக்குக் கணக்கே கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27. தீரக்கூடிய பண்டம் அது ஒன்றுதான். ஹோம் ரன் ஆசையில் கண்டதற்கெல்லாம் மட்டையைச் சுழற்றுகிறவர் அந்த 27-ஐக் கரைக்கிறார். நின்று பார்த்து நடந்து போகிறவர் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் ஒரு ஆளை பேஸில் ஏற்றிவிடுகிறார். அடுத்தவர் அடிக்கும் ஹோம் ரனுக்கு ஒரு ரன்னா, மூன்று ரன்னா என்பது அங்கே தீர்மானமாகிவிடுகிறது. நீங்கள் சொன்ன 9-3 மேட்சைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த ஹோம் ரன்னுக்கு முன்னால் மூன்று வாக்.

இனி மைதானம். டென்வரில் இருக்கும் ராக்கீஸின் சொந்த மைதானம் கூர்ஸ் ஃபீல்டு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,200 அடி. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம். மேல் அடுக்கில் ஒரே ஒரு வரிசை நாற்காலி மட்டும் ஊதா நிறத்தில் இருக்கும், சரியாக ஒரு மைல் உயரம் என்று காட்ட. காற்று மெலிசு. அடித்த பந்து தூரம் போகும். அதைவிட முக்கியம், சுழன்று வளைய வேண்டிய பந்துக்குப் பிடித்துக்கொள்ளக் காற்று போதாது. கர்வ்பால் சோம்பலாக வந்து மட்டையில் உட்காரும். தம்பி காசு கொடுத்து வாங்கியது இரண்டு கர்வ்பால்காரர்களை.

பந்து எல்லாம் பறந்துவிடுகிறதே என்று சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். அதனால் அந்த மைதானத்தின் வெளிப்பரப்பு லீகிலேயே பெரியது. பறக்காத பந்து இடைவெளியில் விழுந்து இரண்டு பேஸ், மூன்று பேஸ் என்று ஓடவைக்கும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் டாயில் மாதிரி ஒரு கால். 2023-இல் .203 அடித்தார், சரி. அதே வருஷம் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதும் வாங்கினார். நீங்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்தீர்கள்.

நிஜ ராக்கீஸும் சூடுபட்டவர்கள்தான். 2000 டிசம்பரில் மைக் ஹாம்ப்டன் என்ற நல்ல பிட்சரை 8 வருஷம், 121 மில்லியனுக்கு எடுத்தார்கள். இரண்டே சீசன், அனுப்பிவிட்டார்கள். ஆள் மோசமில்லை, அந்த உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

#8 ஆடுதுறை36

அந்த ஊரில் பந்து காய்ந்துபோகிறது என்று 2002-இலிருந்து ஈரப்பதப் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். இங்கே 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். பேசாமல் மூட்டையை டென்வருக்கு ஏற்றிவிடலாம், ஒரே நாளில் காய்ந்துவிடும்.

#9 மன்னை மைந்தன்

அண்ணே சொல்வது சரிதான், ஆனால் அது ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு. தோற்றுத் தோற்று டிராஃப்டில் மேலே போவது இன்னும் நல்ல வழிதான். நான் ஓக்லண்டை வைத்து அப்படித்தான் செய்தேன், ஐந்தாவது வருஷம் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று).

#10 வெண்ணாற்றங்கரை

இப்போது நிஜ லீக் அந்த வழியைப் பாதி அடைத்துவிட்டது, மைந்தா. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடத்துக்குக் குலுக்கல். கடைசி மூன்று அணிக்கும் முதலிடம் கிடைக்க ஒரே வாய்ப்பு, ஆளுக்கு 16.5 சதவீதம். தொடர்ந்து குலுக்கலில் உட்காரவும் விடுவதில்லை. சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024-இல் 121 தோற்றார்கள், நவீன காலத்தில் அதுவரை அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. 2025 டிராஃப்டில் அவர்களுக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். கேன்சஸ் சிட்டி 2023-இல் 106 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று இரண்டு நடுவயதுப் பிட்சர்களை எடுத்தார்கள். பெரிய பெயர்கள் இல்லை, வாக் கொடுக்காமல் ஆறு இன்னிங்ஸ் போடுகிறவர்கள். 2024-இல் 86 வெற்றி, பிளேஆஃப்.

நான் ஷோ ஆடுவதில்லை, பழைய லேப்டாப்பில் ஓஓடிபி (அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்). மட்டை பிடிக்கிற வேலை இல்லை, முழுக்க நிர்வாகம். அதில் டிரேடை 'மிகக் கடினம்' என்று வைத்து, ஸ்கவுட் சொல்வது நூறு சதம் சரியாக இருக்காதபடி ஆடுவேன். அப்படி ஆடினால்தான் பொடென்ஷியல் ஏ என்பது ஒரு வாக்குறுதிதான் என்று தெரியும். பத்து பேர் வாங்கினால் இரண்டு பேர் தேறுவார்கள். மூன்றாமவருக்கு முழங்கையில் ஆபரேஷன்.

ஒரு முறை நல்ல கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) பையன் ஒருவனை, அணி காப்பாற்றிக்கொள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை மற்ற அணிகள் எடுக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி கொத்திக்கொண்டு போனது. அப்படி எடுத்தவனை சீசன் முழுக்கப் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தர முன்வர வேண்டும். திருப்பித் தருவார்கள் என்று செப்டம்பர் வரை காத்திருந்தேன். தரவில்லை. அவன் இப்போது அங்கே ஆல் ஸ்டார்.

#11 அரசலாறு11

அண்ணே, பிரையன்ட் ஒப்பந்தத்தை என்ன செய்வது? ஒரு நல்ல பையனைக் கூடச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு அணி எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது.

#12 ஆடுதுறை36

வட்டி கட்ட முடியவில்லை என்று ஆற்றோரத்து நிலத்தை எழுதிக்கொடுத்த என் பெரியப்பா மாதிரி செய்யாதே. 2028-இல் தானாக முடிகிற ஒப்பந்தம். ஓரமாகக் கிடக்கட்டும்.

அப்புறம் ஒன்று கவனித்தாயா, பையன்களை வளர்க்கும் கீழ்மட்ட மைனர் லீக் அணிகளை அவர்கள் பண்ணை என்றுதான் சொல்கிறார்கள். செயின்ட் லூயிஸில் பிராஞ்ச் ரிக்கி என்பவர் ஆரம்பித்த ஏற்பாடு. பண்ணை என்றால் நமக்குத் தெரியாதா? ஆடுதுறை 36 போட்டால் 110 நாளில் அறுப்பு. 1009 போட்டால் 155, 160 நாள் ஆகும். குறுவைக்கு 1009 போட்டுவிட்டு ஏன் இன்னும் கதிர் வரவில்லை என்று நாற்றைப் பிடுங்கிப் பார்க்கிறவன் நீ. உன் பண்ணையில் எது எது எத்தனை நாள் பயிர் என்று முதலில் எழுதி வை.

#13 வெண்ணாற்றங்கரை

என் பாதிப் பதிவை இவர் ஒரு பத்தியில் சொல்லிவிட்டார். காலேஜ் முடித்து வரும் 21 வயதுப் பிட்சர் குறுவை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வரும் 18 வயதுப் பையன் சம்பா. இரண்டும் வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டையும் அறுக்கப் பார்க்காதீர்கள்.

#14 அரசலாறு11 (மூன்று வாரம் கழித்து)

மன்னிக்கவும், நடுவில் காணாமல் போனேன். நடவு நேரம், அப்பாவுக்குக் கூட ஆள் இல்லை. அதோடு ஒரு நாள் பராமரிப்பு மின்தடை என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்து, சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போய், ஆகஸ்ட் மாதம் முழுக்க அழிந்துவிட்டது. நல்லவேளை, அந்த ஆகஸ்டில் 8 வெற்றி, 20 தோல்வி.

இப்போது மூன்றாவது சீசன், 2026. என்ன செய்தேன் என்றால், கர்வ்பால்காரர்கள் இருவரையும் கடற்கரை அணிகளுக்கு விற்றேன். அங்கே அவர்களுக்கு மதிப்பு இருந்தது, நான் கொடுத்ததைவிட ஒரு படி மேலேயே கிடைத்தது. இது எனக்கு ஆச்சரியம்தான்: என் மைதானத்தில் உதவாதவர் வேறு மைதானத்தில் உதவுவார் என்பதால் விற்பனையில் நஷ்டமே வரவில்லை. வந்த காசில் பிபி/9 75-க்கு மேல் உள்ள மூன்று நடுத்தரப் பிட்சர்கள். ஓவரால் 74, 75, 72. சிங்கர் (கீழே இறங்கி, அடித்தால் தரையில் உருளும் பந்து) போடுகிறவர்கள். அந்த உயரத்தில் சிங்கரும் முழுசாக இறங்குவதில்லை. ஆனால் தரையில் உருளும் பந்துக்கு உயரம் என்ன, பள்ளம் என்ன.

டோவரைத் திரும்பக் கேட்டேன். அவர்கள் சொன்ன விலைக்கு என் அணியில் பாதி போயிருக்கும். கைவிட்டேன். டாயில் மட்டும் கிடைத்தார், அவரை வாங்கியவர்களும் பேட்டிங் சராசரியைப் பார்த்து பெஞ்சில்தான் உட்காரவைத்திருந்தார்கள். அவர் திரும்ப வந்த முதல் வாரம் ரைட் சென்டரில் ஒரு பந்து, போன வருஷம் என்றால் மூன்று பேஸ். கேமரா வலது பக்கம் திரும்புகிறது, ஆளைக் காணோம், பந்து இறங்குகிறது, ஓரத்திலிருந்து ஊதாவாக ஒரு கோடு மாதிரி வந்து தரைக்கு ஒரு சாண் மேலே எடுத்தார். தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

74-88. தோல்விதான், ஆனால் 109 இல்லை.

இன்னொன்று. டிராஃப்டில் 18 வயதில் ஒரு இடக்கை பிட்சர் எடுத்தேன், ஆட்டமே உருவாக்கிய பையன். ஓவரால் 51, பொடென்ஷியல் ஏ. அவனுக்கு 1009 என்று பெயர் வைத்திருக்கிறேன்.

#15 ஆடுதுறை36

பெயருக்கு ராயல்டி அனுப்பவும்.

#16 மன்னை மைந்தன்

74 வெற்றியா? சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1009-ஐ நான்காவது வருஷமே மேலே கொண்டுவந்து பார். பையன்கள் மேலே வந்தால்தான் வேகமாக வளருவார்கள்.

#17 வெண்ணாற்றங்கரை

வேண்டாம். அடிவாங்கிக் கற்றுக்கொள்ள கூர்ஸ் ஃபீல்டைவிட மோசமான பள்ளிக்கூடம் கிடையாது.

தேதிக் கணக்கும் இருக்கிறது. பெரிய அணியில் 172 நாள் இருந்தால் ஒரு சர்வீஸ் வருஷம். ஆறு வருஷம் முடிந்தால் ஆள் சுதந்திரம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதனால்தான் நிஜக் கிளப்புகள் புதுப் பையனைச் சீசன் தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொண்டுவருவார்கள், ஒரு வருஷம் கூடக் கிடைக்கும் என்று. பையனுக்கு அநியாயம்தான், வீரர்கள் சங்கம் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆட்டத்தில் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

#18 பந்துபொறுக்கி

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் ஓஓடிபி இறக்கினேன். பைரேட்ஸ் எடுத்திருக்கிறேன். 2008-இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று நம் நாட்டுப் பையன்கள் இரண்டு பேரை ஒப்பந்தம் செய்த கிளப் அதுதானே, அந்தப் பாசம். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்களாம். முதல் மாதம் 9-17. வாக் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

#19 ஆடுதுறை36

இவன் பரவாயில்லை, ஜெர்சி பார்த்து எடுக்கவில்லை.

#20 அரசலாறு11 (மறுபடி ஒரு மாதம் கழித்து)

நான்காவது சீசன் முடிந்தது. ஜூலை கடைசியில், டிரேட் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வைல்டு கார்டுக்கு (டிவிஷனில் முதலிடம் வராமலே பிளேஆஃப் போகும் இடம்) ஒன்றரை மேட்ச் பின்னால் நின்றேன். அப்போது ஒரு அணி நல்ல கேட்சர் ஒருவரைத் தருகிறேன் என்றது. பதிலுக்கு 1009 மட்டும் போதுமாம். என் கேட்சருக்கு 35 வயது, இரண்டு மேட்சுக்கு ஒரு முறை பந்தைத் தவறவிடுகிறார். பையன் அப்போது டபுள் ஏ என்ற மைனர் லீக் மட்டத்தில், ஓவரால் 63. ஒரு ராத்திரி முழுக்க அந்தத் திரையை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்து, இல்லை என்று அழுத்தினேன்.

83-79. இரண்டு மேட்சில் வைல்டு கார்டு போச்சு. அதில் ஒன்று கேட்சர் தவறவிட்ட பந்து, பத்தாவது இன்னிங்ஸ்.

#21 மன்னை மைந்தன்

நான் என்றால் கொடுத்திருப்பேன்.

#22 அரசலாறு11

தெரியும். நானும் அந்தப் பந்து உருண்டு போகும்போது அதைத்தான் நினைத்தேன்.

#23 வெண்ணாற்றங்கரை

தம்பி, 109 தோல்வியிலிருந்து இரண்டு சீசனில் 83 வெற்றி. பிரையன்ட் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம்தானே? அந்தப் பணம் கைக்கு வந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள்?

#24 அரசலாறு11

முதலில் ஒரு கேட்சர் அண்ணே. டிசிப்ளின் பார்த்துத்தான்.